மகளிடம் வாங்கிய கடன்: பாலக்கோடு பக்கத்துக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பிள்ளைகளுக்குச் சேமிக்கக் கற்றுக்கொடுக்க என்ன செய்யலாம் என்று கேட்டால், ஓர் உண்டியல் வாங்கிக் கொடுங்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இங்கே நான் எழுதப்போகும் வீட்டில் உண்டியல் இருந்தது. பிள்ளையும் ஒழுங்காகப் போட்டுவந்தாள். அதை உடைத்தது அவளுடைய அப்பா. அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்ன ஆனது, அவளிடம் சேமிக்கும் பழக்கம் திரும்பி வர என்னவெல்லாம் செய்ய வேண்டியிருந்தது என்பதை முடிந்தவரை முழுதாக எழுதியிருக்கிறேன்.

நான் தர்மபுரி மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். அந்த மகள் என் வகுப்பில் படித்தவள். குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர்களையும் ஊரையும் விட்டுவிட்டேன். தொகைகள் அவர்கள் நோட்டில் இருப்பவை.

குடும்பம்

பாலக்கோட்டுக்கும் மாரண்டஅள்ளிக்கும் நடுவில் ஒரு கிராமம். அப்பா இரண்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தக்காளி வைக்கிறார். அம்மா இரண்டு கறவை மாடுகளை வைத்துக்கொண்டு சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார்; மகளிர் சுயஉதவிக் குழுவிலும் இருக்கிறார். அப்பாவின் அம்மா, பிள்ளைகளுக்கு ஆயா, நூறு நாள் வேலைக்குப் போய்வருகிறார். மகளுக்கு அப்போது 12 வயது, ஏழாம் வகுப்பு. மகனுக்கு 9 வயது, நான்காம் வகுப்பு.

இந்த வீட்டுக்குப் பணம் வரும் விதத்தைத் தெரிந்துகொண்டால்தான் மற்றது புரியும். பால் பணம் சிறியது, ஆனால் தவறாமல் வரும். தக்காளிப் பணம் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. நாற்று, குச்சி, கயிறு, மருந்து, பறிப்புக் கூலி, வண்டி வாடகை என எல்லாவற்றையும் முதலில் போட்டாக வேண்டும். விலை என்னவென்று மண்டிக்குப் போன பிறகுதான் தெரியும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி விற்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று செடியோடு விட்டு மாட்டை மேயவிட்ட பருவங்களும் இதே பாலக்கோட்டில் உண்டு. நல்ல விலை கிடைத்த வாரம் வீட்டில் கறிக்குழம்பும் புதுத் துணியும். விலை விழுந்த வாரம் மளிகைக் கடையில் கடன். பெரியவர்களுக்கே இந்த ஏற்ற இறக்கத்துக்குள் ஒழுங்காக எடுத்து வைப்பது கஷ்டம். பிள்ளைகள் இதைப் பார்த்துக்கொண்டேதான் வளர்கிறார்கள்.

ஆனால் சேமிப்பு இந்த ஊர்களுக்குப் புதிதில்லை. ஐஃபாட் எனப்படும் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு அரசு மகளிர் குழுக்களை முதன்முதலில் தொடங்கியது 1989இல், அப்போதைய தர்மபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. அது பிரிந்தது 2004இல். பிறகுதான் மற்ற மாவட்டங்களுக்குக் குழுக்கள் பரவின. இந்த வீட்டு ஆயா தொண்ணூறுகளில் ஒரு குழுவில் சேர்ந்தவர். பத்தும் இருபதுமாகப் போட்டு, குழுவின் சேமிப்பிலிருந்தே உள்கடன் வாங்கி, முதல் மாட்டைப் பிடித்தவர் அவர்தான். தீர்மான நோட்டு, சேமிப்பு நோட்டு, கடன் நோட்டு எல்லாம் இந்த வீட்டில் இரண்டு தலைமுறையாகப் புழங்கும் சொற்கள். இது பின்னால் பெரிதாக உதவியது.

உண்டியல்

மகளிடம் ஒரு மண் உண்டியல் இருந்தது, திருவிழாக் கடையில் வாங்கியது. அவளுக்கு இரண்டு வழியில் காசு வந்தது. ஒன்று, பண்டிகைக்கு வரும் மாமாக்களும் சித்திகளும் கிளம்பும்போது கையில் வைத்துவிட்டுப் போவது. இன்னொன்று முட்டைக் காசு. ஆயா ஒரு நாட்டுக்கோழியை அவள் பேருக்கு விட்டிருந்தார். அது இடும் முட்டையை அக்கம்பக்கத்தில் விற்றால் வரும் காசு அவளுடையது. ஆடோ கோழியோ பிள்ளை பேருக்கு விடுவது எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். வங்கியைவிட முந்திய சேமிப்பு அது என்றுகூடச் சொல்லலாம்.

இரண்டு ஆண்டு இப்படிச் சேர்ந்தது. ஒரு பருவத்தில் தக்காளி விலை விழுந்தது. மண்டியில் ஏற்கெனவே முன்பணம் வாங்கியிருந்ததால் மேற்கொண்டு கேட்க முடியவில்லை. இலையில் நோய் விழுந்து, அன்றைக்கே மருந்து அடித்தாக வேண்டிய நிலை. அப்பா உண்டியலை உடைத்தார். உள்ளே 1,840 ரூபாய் இருந்தது. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது ஓடுகள் கூட்டி அள்ளப்பட்டிருந்தன. "தக்காளி வித்ததும் போட்டுடறேன் கண்ணு" என்றார் அப்பா. அந்தப் பருவம் அவருக்கு ஒன்றும் நிற்கவில்லை. பணம் திரும்பி வரவில்லை, பேச்சும் எழவில்லை. புது உண்டியல் ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். அதில் அவள் ஒரு ரூபாய்கூடப் போடவில்லை.

அப்பா கெட்டவர் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். குடிப்பழக்கம் இல்லை, பிள்ளைகள்மேல் உயிராக இருப்பவர். வீட்டில் இருக்கும் எல்லாப் பணமும் வீட்டுப் பணம்தான் என்று நினைத்தார், அவ்வளவுதான். நம் வீடுகளில் பத்தில் ஒன்பது பேர் அப்படித்தான் நினைக்கிறோம். பிள்ளையின் கொலுசை அடகு வைக்கிறோம். காதுகுத்துக்கு வந்த மொய்யை மளிகைக்குக் கொடுக்கிறோம். அதை யாரும் கடன் என்று நினைப்பதில்லை.

வகுப்பில்

ஏழாம் வகுப்புக் கணக்கில் தனிவட்டி வருகிறது. பாடத்தை ஆரம்பிக்கும் முன், உங்களிடம் நூறு ரூபாய் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். வழக்கமான பதில்கள் வந்தன: பேங்க்கில் போடுவேன், அம்மாவிடம் கொடுப்பேன். சிறுதுளி பெருவெள்ளம் எல்லோருக்கும் தெரியும். அக்டோபர் 30 உலக சிக்கன நாளுக்குக் கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி என்று வருடா வருடம் எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். இவள் மட்டும், "அன்னிக்கே செலவு பண்ணிடுவேன் டீச்சர்" என்றாள். ஏன் என்றேன். "வச்சிருந்தா எடுத்துக்குவாங்க."

வகுப்பு சிரிக்கவில்லை. இன்னும் சில தலைகள் ஆடின. நான் இந்தக் குடும்பத்தைத் தேடிப் போனது அந்தப் பதிலால்தான்.

அம்மாவிடம் பேசியபோது அவருக்கும் மகளைப் பற்றிக் குறை இருந்தது. "முன்னல்லாம் ஒரு ரூபா செலவு பண்ண மாட்டா டீச்சர். இப்போ முட்டைக் காசு வந்தா சாயங்காலத்துக்குள்ள தீத்துடறா. பாக்கெட் பாக்கெட்டா வாங்கித் திங்கறா. தம்பியும் அதையே பாத்துக் கத்துக்கிட்டான்." பிள்ளை செலவாளி ஆகிவிட்டாள் என்பது வீட்டின் முடிவு. உண்டியல் உடைந்ததையும் இதையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அவள் செய்தது சரியான கணக்கு

பிள்ளைகளின் பொறுமையைப் பற்றிய ஒரு சோதனை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் செய்தது. குழந்தை முன்னால் ஓர் இனிப்பை வைத்துவிட்டு, நான் திரும்பி வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டாகத் தருகிறேன் என்று சொல்வார்கள். காத்திருக்கும் குழந்தைக்கு மனஅடக்கம் அதிகம், அவர்கள் பின்னாளில் நன்றாக வருவார்கள் என்று அதற்கு விளக்கம் சொல்லப்பட்டது. சேமிப்பு பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் இதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள்.

எனக்கு இந்தச் சோதனையைவிட, 2013இல் வெளியான இன்னொன்று முக்கியமாகப் படுகிறது. ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்பவரும் சக ஆய்வாளர்களும் 28 சிறு குழந்தைகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். இனிப்பை வைப்பதற்கு முன், எல்லாக் குழந்தைகளுக்கும் நல்ல வண்ணப் பென்சில்கள், ஸ்டிக்கர்கள் எல்லாம் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார்கள். ஒரு பிரிவுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள். இன்னொரு பிரிவுக்கு, "மன்னிச்சுக்கோ, இல்லை" என்று வெறுங்கையோடு வந்தார்கள். அதன் பிறகுதான் இனிப்பு. சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த குழந்தைகள் 3 நிமிடம். முழுநேரமும், அதாவது 15 நிமிடம், காத்திருந்தவர்கள் முதல் பிரிவில் 14 பேரில் 9 பேர். இரண்டாவது பிரிவில் 14 பேரில் ஒருவர். சிறிய ஆய்வுதான். ஆனால் அது சொல்வது எங்கள் வகுப்பறைக்குப் பொருந்துகிறது. காத்திருப்பது குழந்தையின் குணத்தில் மட்டும் இல்லை. எதிரில் நிற்கும் பெரியவரை நம்பலாமா என்று குழந்தை போடும் கணக்கிலும் இருக்கிறது.

அந்தக் கணக்கைத்தான் இவளும் போட்டாள். வீட்டில் வைத்த காசு போய்விடும், தின்ற காசு தன்னுடையது. அவளுக்குத் தெரிந்த உலகத்தில் இது புத்திசாலித்தனமான முடிவு. இந்த நிலையில் அவளிடம் சிக்கனத்தைப் பற்றிப் பேசி ஒரு பயனும் இல்லை. முதலில் 1,840 ரூபாய்க்குப் பதில் வேண்டும்.

நோட்டு

அப்பாவிடம் பேசுவது எளிதாக இருக்காது என்று நினைத்துப் போனேன். "அண்ணா, அவ காசை எடுத்தீங்களே, அதைத் திருப்பிக் கொடுக்கறதா இருக்கீங்களா?" என்று கேட்டபோது முதலில் அவருக்கு விளங்கவே இல்லை. "நான் சம்பாதிக்கறதே அவளுக்குத்தானே டீச்சர்" என்றார். அதில் பொய் இல்லை. வகுப்பில் அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "என்னையா சொன்னா?" என்றார்.

வழி சொன்னது அம்மா. குழுவில் யாராவது கடன் வாங்கினால் என்ன செய்வோமோ அதைச் செய்யலாம் என்றார். ஒரு நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்தில் தீர்மானம்: இன்ன தேதியில் அப்பா மகளிடமிருந்து 1,840 ரூபாய் கடனாக எடுத்தார், மாதா மாதம் பால் பணம் எடுத்துவரும் நாளில் திருப்புவார். கீழே அப்பா கையெழுத்து, மகள் கையெழுத்து, சாட்சிக்கு ஆயாவின் கைநாட்டு. தக்காளிப் பணத்தை நம்பாமல் பால் பணத்தில் கட்டுவது என்று வைத்தது அம்மாவின் யோசனை. எனக்குத் தோன்றியிருக்காது. ஒரு வாக்கைக் காப்பாற்ற வேண்டுமென்றால், தவறாமல் வருகிற வருமானத்தோடுதான் அதைக் கட்ட வேண்டும்.

வட்டி போடுவதா என்பதில் தகராறு வந்தது. குழுவில் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய். அதையே இங்கும் வைக்கலாம் என்றார் அம்மா. ஆயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பெத்த புள்ள அப்பங்கிட்ட வட்டி வாங்குமா? நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணிக்கும் கணக்குப் பாக்கச் சொல்வீங்களா?" அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வீட்டுக்குள் எல்லாவற்றுக்கும் விலை போட ஆரம்பித்தால் அது வீடாக இருக்காது. கடைசியில், வட்டியை அவளே கணக்குப் போடட்டும், பாடமாகவும் இருக்கும் என்று அப்பாவே ஒத்துக்கொண்டார். என்னைக் கேட்டால், வட்டி இல்லாமல் செய்திருந்தாலும் பலன் இதேதான் இருந்திருக்கும். எழுதி வைத்ததும், சொன்ன நாளில் கொடுத்ததும்தான் வேலை செய்தன. ஆயா இன்றுவரை வட்டியை ஏற்கவில்லை.

முதல் மாதம் அசல் 240, வட்டி 18. உண்மையில் 18 ரூபாய் 40 பைசா. 40 பைசாவுக்கு இப்போது காசு இல்லை என்று அவள் விட்டுக்கொடுத்தாள். பாக்கி 1,600. அடுத்த மாதம் முதல் அசல் 200, வட்டி 16, 14, 12 என்று குறைந்துகொண்டே வந்தது. அசல் குறையக் குறைய வட்டி குறைவதை நான் கரும்பலகையில் சொன்னபோது புரியாத பிள்ளைகளுக்கு இந்த நோட்டைப் பார்த்ததும் புரிந்தது. பள்ளிக்கு எடுத்துவந்து காட்டலாமா என்று அவளையும் அப்பாவையும் கேட்டுத்தான் காட்டினேன்.

ஐந்தாவது மாதம் ஒரு மாட்டுக்கு மடிநோய் வந்து பால் பாதியாகக் குறைந்தது. அப்பா பணம் தரும் நாளுக்கு முன்பே மகளைக் கூப்பிட்டு, "இந்த மாசம் அசல் கட்ட முடியாதும்மா, வட்டி மட்டும் தர்றேன், ஒரு மாசம் தள்ளிக்கலாமா?" என்று கேட்டார். அவள் சரி என்று சொல்லி, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்த மாத வட்டி 10 ரூபாய். அடுத்த மாதமும் 10. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் இடம் இது. முன்பு சொல்லாமல் எடுத்தவர், இப்போது முன்கூட்டியே சொல்லி, கேட்டு, தள்ளிவைத்தார். எல்லா மாதமும் தவறாமல் கட்டியிருந்தால்கூட அவளுக்கு இந்த அளவு நம்பிக்கை வந்திருக்குமா என்று தெரியவில்லை. கஷ்டம் வந்தாலும் தன் பணம் மறக்கப்படாது என்று அந்த மாதம்தான் அவள் பார்த்தாள்.

பத்தாவது மாதம் கடன் தீர்ந்தது. அசல் 1,840, வட்டி சரியாக 100.

தபால் நிலையம்

திரும்பி வரும் பணத்தை எங்கே வைப்பது? மறுபடி மண் உண்டியலா என்று கேட்டபோது வேண்டாம் என்றாள். மூன்று மாதம் போனதும் கையில் 600 ரூபாய்க்கு மேல் இருந்தது. அம்மா அவளைத் தபால் நிலையத்துக்குக் கூட்டிப்போனார்.

பலருக்கு இது தெரிவதில்லை: 10 வயது முடிந்த பிள்ளை தன் பெயரிலேயே தபால் நிலைய சேமிப்புக் கணக்கு தொடங்கி, தானே கையெழுத்திட்டு நடத்தலாம். குறைந்தது 500 ரூபாய் போட வேண்டும். அந்த 500 எப்போதும் கணக்கில் இருக்க வேண்டும். வங்கியிலும் 10 வயது தாண்டிய பிள்ளை தானே கணக்கு நடத்தலாம். 2014இல் ரிசர்வ் வங்கி இதற்கு வழி செய்தது. 2025 ஏப்ரலில் அந்த விதிகளைப் புதுப்பித்தபோதும், 10 வயதுக்கு மேற்பட்டவர்கள் வங்கி வைக்கும் வரம்புக்குள் தாங்களே கணக்கை நடத்தலாம் என்பதை அப்படியே வைத்திருக்கிறது. 10 வயதுக்குள் இருந்தால் பெற்றோர் காப்பாளராக இருந்து நடத்த வேண்டும். செல்வமகள் சேமிப்புத் திட்டத்தையும் கேட்டார்கள். அது பெண் பிள்ளைக்கு 10 வயது ஆவதற்குள் தொடங்க வேண்டியது; இவளுக்கு வயது தாண்டிவிட்டது.

கவுன்ட்டரில் பணத்தை அவளையே கொடுக்கச் சொன்னார் அம்மா. பாஸ்புக்கும் அவளிடம்தான் இருக்கிறது. தபால் நிலையத்தில் ஒரு விதி உண்டு: மாதத்தின் 10ஆம் தேதிக்கும் கடைசி நாளுக்கும் நடுவில் கணக்கில் இருந்த குறைந்தபட்சத் தொகைக்குத்தான் வட்டி. 11ஆம் தேதி போட்டால் அந்த மாதம் அந்தப் பணத்துக்கு வட்டி இல்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அவள் அப்பாவிடம், பணத்தைப் பத்தாம் தேதிக்குள் தரச் சொல்லி நோட்டில் ஒரு வரி சேர்த்தாள்.

கூடவே மாதம் 100 ரூபாய்க்கு ஓர் ஆர்.டி., அதாவது மாதா மாதம் ஒரே தொகையைக் கட்டிவரும் தொடர் வைப்புக் கணக்கு. குறைந்தபட்சத் தொகையே அதுதான், காலம் ஐந்து ஆண்டு. 2023 அக்டோபரில் இதற்கான வட்டி 6.7 சதவீதம் ஆனது. அந்த வட்டியில் ஐந்து ஆண்டு கட்டினால் போடும் 6,000 ரூபாய் ஏறத்தாழ 7,130 ரூபாயாக வரும். கணக்கு தொடங்கும் நாளில் உள்ள வட்டி முடியும்வரை மாறாது. ஒரு மாதம் தவறினால் நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம். தொடர்ந்து நான்கு மாதம் தவறினால் கணக்கு நின்றுவிடும், இரண்டு மாதத்துக்குள் மீட்கலாம். இதையெல்லாம் பிள்ளையிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். கோழி அடை உட்கார்ந்தால் முட்டை இருக்காது. அந்த மாதம் ஆர்.டி. கட்ட எங்கே போவது? சேமிப்புக் கணக்கில் 500க்கு மேல் கொஞ்சம் வைத்திருந்து அதிலிருந்து எடுத்துக் கட்டுகிறாள். பெரியவர்கள் அவசரத்துக்கு ஒரு தொகை ஒதுக்குவது என்று பேசுகிறோமே, அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அடை உட்கார்ந்த கோழிதான்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. காசு சேர்க்கும் ஆசை வந்ததும், பறிப்புக்கு ஆள் கிடைக்காத ஒரு வாரத்தில் தானும் கூலிக்குப் போகிறேன் என்று அவள் கிளம்பினாள். பள்ளி நாள் அது. எங்கள் மாவட்டத்தில் பிள்ளைகள் படிப்பை விடுவதற்கு இப்படி ஒரு வாரம்தான் தொடக்கமாக இருக்கிறது. அம்மா விடவில்லை, நானும் கண்டிப்பாகச் சொன்னேன். பிள்ளையின் வருமானம் முட்டையோடும் பண்டிகைக் காசோடும் நிற்கட்டும்.

மாமாவின் ஜிபே

நடுவில் ஒரு புதுச் சிக்கல். ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் மாமா முன்பெல்லாம் நேரில் வந்து கையில் நோட்டு வைப்பார். இப்போது தீபாவளிக்கு அப்பா போனுக்கு 500 ரூபாய் ஜிபே செய்து, "பசங்களுக்கு" என்று ஒரு செய்தியும் போட்டார். அது அன்றைக்கே பெட்ரோலுக்கும் மளிகைக்கும் போய்விட்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. உண்டியலை உடைத்தால் சத்தமாவது கேட்கும். போனில் வந்த காசு வீட்டுக் காசோடு கலந்துவிடுகிறது. மாமா போனில் விசாரித்தபோதுதான் மகளுக்கே தெரிந்தது. மறுபடி முகம் தூக்கிவைத்துக்கொண்டாள். அன்று மாலையே நோட்டில் இரண்டு பிள்ளைகள் பேரிலும் 250 என்று எழுதினார்கள். அதிலிருந்து, பிள்ளைகளுக்கென்று போனுக்கு எது வந்தாலும் அன்றே அவர்களிடம் காட்டி எழுதிவிட வேண்டும் என்று முடிவு. இந்த ஓட்டை இன்று எல்லா வீட்டிலும் இருக்கிறது; யாரும் கவனிப்பதில்லை.

தம்பி

மகனுக்குச் செய்தது வேறு. 9 வயதுப் பிள்ளைக்கு ஐந்து ஆண்டு ஆர்.டி. ஒன்றும் சொல்லாது. அவன் தினமும் அழுது ஐந்து ரூபாய் வாங்கிக் கடைக்கு ஓடுகிறவன். சில நாள் கிடைக்கும், சில நாள் அடி கிடைக்கும். அம்மா இதை மாற்றினார்: ஞாயிற்றுக்கிழமை காலையில் மொத்தமாக 30 ரூபாய், வாரம் முழுவதற்கும் அதுதான். அழுதாலும் அதிகமாகாது, மார்க் நிறைய வாங்கினாலும் அதிகமாகாது, சேட்டை செய்தாலும் குறையாது. கண்ணாடி பாட்டில் ஒன்றில் போட்டு வைத்துக்கொண்டான். எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும். சின்னப் பிள்ளைகளுக்கு மண் உண்டியலைவிட இது நல்லது என்பது என் எண்ணம். போட்ட காசு கண்ணில் படாவிட்டால் அவர்களுக்கு அது இல்லாத மாதிரிதான்.

முதல் வாரம் செவ்வாய்க்கிழமைக்குள் தீர்ந்தது. புதனிலிருந்து சனி வரை அவன் அழுததைக் கேட்க முடியாமல் ஆயா மடியிலிருந்து இரண்டு ரூபாய் எடுத்தாராம், அம்மா தடுத்துவிட்டார். அந்த நான்கு நாள் அழுகைதான் பாடம், அதைக் காசு கொடுத்து நிறுத்திவிட்டால் மறு வாரமும் அதே கதைதான். இரண்டு மாதத்தில் வெள்ளிக்கிழமை வரை காசு நின்றது. அதற்குப் பிறகு ஒரு கிரிக்கெட் பேட்டுக்கென்று சேர்த்து, 180 ரூபாய்க்குப் பாலக்கோட்டில் வாங்கினான்.

பேட் வாங்கிய பிறகு அவன் கஞ்சனாகிவிட்டான். இதை நான் எதிர்பார்க்கவில்லை. பாட்டிலில் காசு குறையக்கூடாது என்று பென்சில் வாங்காமல் பக்கத்துப் பையனிடம் கேட்டு எழுதினான். கூட விளையாடும் பிள்ளைகள் வாங்கியதைத் தின்றான், தான் ஒருமுறையும் வாங்கவில்லை. பாட்டில் நிறைகிறது என்று அம்மாவுக்குச் சந்தோஷம். வகுப்பில் அவனைப் பார்க்கும் ஆசிரியை சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. பென்சில், நோட்டு எல்லாம் வீட்டுச் செலவு, உன் காசிலிருந்து இல்லை என்று அம்மா தெளிவாகச் சொன்னார். தின்றதற்கு ஒருநாள் கூட்டாளிகளுக்கு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று அக்கா சண்டை போட்டாள். அவள் பேச்சைத்தான் அவன் கேட்டான். சேமிப்பை மட்டும் பாராட்டிக்கொண்டே இருந்தால் பிள்ளை இந்தப் பக்கமும் சாய்ந்துவிடும். செலவழிக்கத் தெரிவதும் அதே படிப்பின் பாதி.

இன்னும் தீராதவை

இது ஒரு குடும்பத்தின் அனுபவம். தவறாமல் வரும் பால் பணம் இருந்தது, குழுவில் பழகிய அம்மா இருந்தார், காது கொடுத்துக் கேட்ட அப்பா இருந்தார். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பெற்றோரின் பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். பாட்டி வீட்டில் வளரும் அவர்களுக்கு இதே நோட்டை அப்படியே வைக்க முடியாது. குடிக்கிற அப்பா இருக்கும் வீட்டில் பிள்ளையின் பாஸ்புக் வீட்டில் இருப்பதே பாதுகாப்பில்லை. அங்கே என்ன செய்வது என்பதற்கு என்னிடம் இன்னும் தெளிவான பதில் இல்லை. பள்ளியிலேயே ஒரு சேமிப்பு நோட்டு வைக்கலாமா என்று சக ஆசிரியர்களோடு பேசிவருகிறோம். பிள்ளைகளின் பணத்தை நாங்கள் கையில் வாங்குவது சரியில்லை என்பது பெரும்பாலோர் கருத்து, எனக்கும் அதே எண்ணம்தான். தபால் ஊழியரை மாதம் ஒருநாள் பள்ளிக்கு வரவழைக்க முடியுமா என்று பார்க்கிறோம்.

இந்த வீட்டிலேயே ஒன்று முடியாமல் இருக்கிறது. மகளுக்கு 12 வயதில் தொடங்கிய ஆர்.டி., 17 வயதில், பிளஸ் டூ முடிக்கும்போது முடியும். அம்மா அதை ஒரு தோடு வாங்க என்று மனதில் வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை பேரில் சேரும் எந்தப் பணமும் நகையாகத்தான் போய் முடியும். மகள் கல்லூரிக்கு என்கிறாள். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், இது சேரும்போது கட்டணத்துக்கும் துணிமணிக்கும் ஆகும் என்று கணக்கு வைத்திருக்கிறாள். ஆயா இதில் மருமகள் பக்கம். அப்பா, பணம் அவள் பேரில் இருக்கிறது, அவளைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அம்மா விடுவதாக இல்லை. போன மாதமும் இதைப் பற்றி வீட்டில் வாக்குவாதம் நடந்தது, ஆர்.டி. முடிய இன்னும் நான்கு ஆண்டு இருக்கிறது.